கூப்பிட்டால் வரும் ஆடுகள்

அந்தத் தெருவில் கறிக்கடை ஒன்றே ஒன்றுதான். அடுத்தடுத்த தெருக்களில் மூன்று கடைகள் இருந்தும், அவற்றையெல்லாம் தாண்டிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இங்கேதான் வருவார்கள். ஏன் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "இந்தக் கடைக் கறி பஞ்சு மாதிரி இருக்கும். பல்லு போனவங்களும் சாப்பிடலாம்."

கடைக்காரருக்கு ஒரேவெட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கையெழுத்துப் போடும்போதுதான் அது அவருக்கே ஞாபகம் வரும். எவ்வளவு தடித்த எலும்பானாலும் இரண்டாவது முறை கத்தியை ஓங்க மாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கறி மெத்தென்று இருப்பதற்குத் தன் கைதான் காரணம் என்று இருபத்திரண்டு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

காரணம் அவர் கை இல்லை, அவர் மனைவியின் குரல்.

அவளைத் தெருவே கடையக்கா என்றுதான் அழைக்கும். வீட்டின் முன்பகுதி கடை, நடுவில் குடியிருக்கிற இரண்டு அறைகள், பின்னால் ஆட்டுக் கொட்டகை. கொட்டகைக்கும் கடைக்கும் நடுவே பக்கவாட்டில் சிமெண்டு போட்ட ஓர் இடம். அதுதான் அறுப்பிடம். கொட்டகைப் பக்கம் ஒரு கதவு, கடைப் பக்கம் ஒரு கதவு. எந்நேரமும் ஈரமாக இருக்கும். எவ்வளவு கழுவினாலும் ஆட்டின் மூக்குக்குத் தெரியாமல் போகுமா? அந்தக் கதவு நிலையில் வந்ததும் ஆடு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். கயிற்றைக் கட்டி இழுத்தால் திமிறும், கத்தும், நடுங்கும். பயந்து நடுங்கின ஆட்டின் கறி விறைத்துப் போகும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பயப்படாமல் கொண்டுவருவது எப்படி என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

கடையக்கா இந்த வீட்டுக்கு வாழவந்த முதல் வாரத்தில், ஒரேவெட்டு ஓர் ஆட்டை முன்னாலிருந்து இழுக்க, அவர் தங்கை பின்னாலிருந்து தள்ள, ஆடு நடுவில் நின்று இருவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. புதுப்பெண் அடுப்படியிலிருந்து ஒரு கோஸ் இலையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆட்டின் காதைத் தொட்டாள். "வாடா ராஜா, வாடா என் தங்கம்" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் முன்னே நடந்தாள். ஆடு அவள் பின்னாலேயே போய்விட்டது.

அன்றிலிருந்து அது அவள் வேலையாகிப் போனது. வியாழக்கிழமை லாரியில் எட்டு ஆடுகள் வரும். வந்த நாளிலிருந்து மூன்று நாளும் அவள்தான் தீனி வைப்பாள். எல்லாவற்றுக்கும் மொத்தமாகக் கொட்டிவிட மாட்டாள். ஒவ்வொன்றாகக் காதைத் தொட்டு, தனித்தனியாகக் கையால் ஒரு வாய் ஊட்டுவாள். அதனால் எந்த ஆட்டின் காதைத் தொட்டுக் கூப்பிடுகிறாளோ அது மட்டும் எழுந்து வரும், மற்றவை படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். இது ஒரேவெட்டுக்கு மிகவும் வசதி. ஒன்றின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திவிட்டு, ஆண்டவனிடம் முணுமுணுவென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார். அந்த வார்த்தை என்ன என்று மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, ஒரு மழைக்காலத்தில் கடையக்காவின் தொண்டை கட்டிக்கொள்ளும் வரையில்.

சாதாரணக் கட்டு இல்லை. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. சனிக்கிழமை விடிந்துவிட்டது. கடை வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒரேவெட்டு, "இதென்ன பெரிய வித்தையா? நான் கூப்பிடுறேன்" என்று கொட்டகைக்குள் போனார். கடையக்கா கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஏய்! வாடா ராஜா!" என்றார். போலீஸ்காரர் திருடனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எட்டு ஆடும் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

உள்ளே வந்தார். மனைவியின் பழைய சால்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். மீசையை அதற்குள் மறைத்துக்கொண்டார். திரும்பப் போய், குரலை மெல்லிசாக்கி, "வாடா... ராசா... என் தங்கோம்..." என்றார். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய தங்கை எட்டிப் பார்த்து, "அண்ணே, உனக்கென்ன ஆச்சு?" என்று அலறிவிட்டாள். ஆடுகளில் மூத்தது ஒன்று அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது.

கடைசியில் கயிறுதான். இழுத்தார், திமிறின, கத்தின. மறுநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். "நேத்து ஆட்டைக் குடுத்தீங்களா, செருப்பைக் குடுத்தீங்களா? மூணு மணி நேரம் வேக வச்சும் எங்க வீட்டம்மா என்னைத்தான் திட்டுறா!"

ஒரேவெட்டுக்கு அவமானம். ஆனால் ஜன்னலில் நின்ற கடையக்காவுக்கு வேறொன்று. அந்த ஆடுகள் கத்தியபோது ஒவ்வொன்றும் வீட்டுப் பக்கமே பார்த்துக் கத்தின. அவள் இருக்கிற திசை அவற்றுக்குத் தெரிந்திருந்தது. 'ஐயோ, இத்தனை வருஷமும் இதுங்க கத்திகிட்ட வரல, என்னை நம்பி வந்திருக்குங்க' என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை ராஜா, எத்தனை தங்கம். அந்த மதியம் தட்டில் கறியைப் போட்டு வைத்தபோது உள்ளே இறங்கவில்லை. தொண்டை வலி என்று சொன்னாள். நான்கு நாளில் தொண்டை சரியாகிவிட்டது. கறி மட்டும் அதற்குப் பிறகும் இறங்கவில்லை.

ஆனால் கூப்பிடுவதை நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. கடை அவளுக்கும் சோறு போடுகிற கடைதானே. காதைத் தொட்டாள், கூப்பிட்டாள், ஆடு வந்தது. உள்ளே வந்து குளித்துவிட்டுச் சாமி கும்பிட உட்கார்ந்தால், கண்ணை மூடினதும் நிலைப்படியில் நிற்கிற ஆட்டு முகம்தான் வந்தது. 'ஆண்டவனே, நான் உன்னைக் கும்பிடுறேனா, இல்லை உன் கண்ணுல படாம ஒளியுறேனா?' என்று எழுந்துவிடுவாள்.

அந்த நாட்களில்தான், ஆடுகளுக்குத் தழை அறுத்துக் கொண்டுவந்து போடுகிற தழைக்காரி ஒருநாள் நேரம் கழித்து வந்தாள். தலையில் ஒரு தழைக்கட்டு, இடுப்பில் ஒரு தழைக்கட்டு, முகமெல்லாம் வியர்வை. கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"ரெண்டு பஸ் மாறி வரேன் அக்கா. கண்டக்டர் என்னை ஏத்திக்கிறான், தழையை ஏத்த மாட்டேங்கிறான். 'இது மனுசங்க போற வண்டியா, காடு போற வண்டியா'ங்கறான்."

"தெருக்கோடி குன்னுலதானே அறுத்துட்டு வருவே?"

"எந்தக் காலத்துல! அந்தக் குன்னு இப்போ எங்க மாமனார் தலை மாதிரி இருக்கு. மழை பெஞ்சா மண்ணு வழிஞ்சு ரோட்டுக்கு வருது. அடுத்த குன்னும் முடிஞ்சுது. இப்போ மூணாவது." தழைக்காரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஒரு கடை மட்டுமா? சுத்து வட்டாரத்துல எல்லாக் கொட்டகைக்கும் வாய் இருக்கே. நானும் மத்தவங்களும் அறுத்து அறுத்துப் போட்டுட்டோம்."

கடையக்கா கட்டைப் பிரித்துக்கொண்டே யோசித்தாள். "அப்போ ஆடு குன்னைத் தின்னுது, நாம ஆட்டைத் தின்னுறோம்."

"ஆமா."

"அப்போ நாம குன்னைத்தான் தின்னுட்டு இருக்கோம்."

தழைக்காரி சிரித்தாள். "உப்பு உறைப்புப் போட்டுத்தானே தின்னுறோம், விடுங்கக்கா." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்க சொன்னது நல்லா இல்லக்கா. பஸ்ஸுல உட்கார்ந்து அதையே நினைச்சிட்டுப் போவேன் நான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரகசியம் எத்தனை நாள் தாங்கும்? நாத்தனார் ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாள். அண்ணி தன் தட்டிலிருந்த துண்டுகளைச் சத்தமில்லாமல் அண்ணன் தட்டுக்கு மாற்றுவதைப் பார்த்துவிட்டாள். நாத்தனார் கெட்டவள் இல்லை. ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்திருந்தால் அவளுக்கு வயிறு உப்பிவிடும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கறிக்கடைக்காரர் வீட்டில் கறி சாப்பிடுவதில்லையாம்!

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பாதியாகிவிட்டது. வந்தவர்களும் கறியை முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒரேவெட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் மீட்டர்காரர்தான் போட்டு உடைத்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவர், தெருவில் எல்லோருக்கும் வேண்டியவர், கறிப்பிரியர்.

"ஒரேவெட்டு, ஒளிக்காம சொல்லு. கறியில மருந்து கிருந்து கலக்குறியா?"

"என்ன பேச்சு பேசுறீங்க!"

"பின்ன உன் சம்சாரம் ஏன் தொட மாட்டேங்குது? டாக்டர் பெண்டாட்டி அவர் மாத்திரையைத் தூக்கி ஜன்னல்ல எறிஞ்சா, நாம முழுங்குவோமா?"

வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரேவெட்டின் காது சிவந்துவிட்டது. கத்தியைக் கறிக்கட்டையில் குத்திவிட்டு உள்ளே போனார்.

"நீ கறி சாப்பிடுறதில்லையா?"

கடையக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "இல்லைங்க."

"எத்தனை நாளா?"

"மழைக்கு அப்புறம்."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க."

ஒன்றுமில்லை என்று மனைவி சொன்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். "இவங்க ஜோரா இருக்காங்க. நீங்க ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க? சட்டையைக் கழட்டுங்க" என்றார். கடைசியில் வாரத்துக்கு ஒருநாள்தான் கறி என்று எழுதிய சீட்டு கடைக்காரர் பெயரில் வந்தது. அதை அவர் நான்காக மடித்து, யாரும் பார்க்காத இடத்தில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் மீட்டர்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்று விருந்து வைத்தார். நூற்றிருபது பேர். "நீ சுத்தமான ஆளுன்னு ஊருக்குத் தெரியணும்னா இதான் சமயம். ஆறு ஆடு சொல்லிட்டேன். ஆளுக்கு அரைக்கிலோவுக்குக் குறையக் கூடாது, என் மானம் போயிடும். பஞ்சு மாதிரி இருக்கணும்" என்றார். கடையின் பெயர் நிமிர்வதும் கவிழ்வதும் அந்த விருந்தில்தான் இருந்தது.

வியாழக்கிழமை லாரியில் எட்டு ஆடுகள் இறங்கின. கடையக்கா தழையை எடுக்கவில்லை. கொட்டகை வாசலில் நின்றுகொண்டு கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கோவிச்சுக்காம கேளுங்க. இனிமே நான் ஆட்டைக் கூப்பிட மாட்டேன்."

ஒரேவெட்டு சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சாப்பிடறதுதான் இல்லைன்னே. இது என்ன புதுசா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. நீங்க அறுக்கிறீங்க. கதவைச் சாத்திட்டு, சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அறுக்கிறீங்க. அதுல ஒளிவு மறைவு இல்லை. நான் செய்யறது பொய்ங்க. 'வாடா ராஜா'ன்னு கூப்பிட்டா, அது என்னமோ நல்லதுக்குத்தான்னு நம்பி வருது. ஒரு தடவையாவது நல்லதுக்குக் கூப்பிட்டிருக்கேனா?"

"அப்போ எனக்குப் புண்ணியம், உனக்குத்தான் பாவமா? வெட்டுறவனை விட்டுட்டுக் கூப்பிடுறவளைப் பிடிக்கிறியே!"

"உங்க கணக்கு உங்களுக்கும் சாமிக்கும். அதுல நான் மூக்கை நுழைக்கல. என் கணக்கை நான் பார்க்குறேன்."

"ஆறு ஆடுடி! ஞாயிறு காலையில! கயிறு போட்டு இழுத்தா செருப்புன்னு சொல்லுவான் அந்த மீட்டர். கடையை மூட வேண்டியதுதான்!"

கடையக்காவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் தலை மட்டும் இல்லை இல்லை என்று ஆடியது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் எதற்கும் இப்படித் தலையாட்டியதில்லை. ஒரேவெட்டு தழைக்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி! நீ கூப்பிட வேண்டாம். நானே கூப்பிடுறேன். மூணு நாள் இருக்கு. நானென்ன அவ்வளவு பொல்லாதவனா, ஒரு ஆடுகூட என்னை நம்பாம போக?"

மூன்று நாளும் ஒரேவெட்டு கடையைத் திறக்காமல் கொட்டகையிலேயே கிடந்தார். காலை, மதியம், மாலை ஒரு பெரிய கூடை நிறையத் தழையைக் கொண்டுபோய் நடுவில் வைத்து, "வாடா ராஜா" என்பார். எட்டும் ஓடிவந்து மொய்த்துக்கொள்ளும். குரல் நாளுக்கு நாள் கனிந்துகொண்டே வந்தது. முதல் நாள் போலீஸ்காரர். இரண்டாம் நாள் பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாம் நாள் தாலாட்டுப் பாடுகிற அத்தை மாதிரி ஆகிவிட்டார். கடையக்காவுக்கு அடுப்படியில் சிரிப்பும் வந்தது, வேதனையும் வந்தது. பாவத்தை இறக்கி வைக்கிறேன் என்று, அதை மூட்டையோடு இவர் தலையில் ஏற்றிவிட்டோமோ?

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார். "அந்தக் காது மடங்கின ஒண்ணு இருக்கு பாரு, அது கூடையில வாய் வைக்காது. என் கையிலதான் திங்கும். திமிர் பிடிச்ச கழுதை." சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் கடை வாசலில் மீட்டர்காரர் புதுச்சட்டையோடு நின்றார். கூட நாத்தனார், ஏழெட்டு வாடிக்கைக்காரர்கள். இந்தக் கடைக் கறி எப்படி இருக்கப் போகிறது என்று பார்க்க வந்தவர்கள். மீட்டர்காரர் கையில் விருந்துக்கு வாங்கிய கீரைக்கட்டு ஒரு பை நிறைய இருந்தது.

ஒரேவெட்டு கொட்டகைக் கதவைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். "வாடா ராஜா... வாடா என் தங்கம்..."

கடையக்காவுக்கு அடுப்படியிலேயே தெரிந்துவிட்டது. குளம்புச் சத்தம் ஓர் ஆட்டின் சத்தமாக இல்லை. காதைத் தொட்டுத் தனித்தனியாக ஊட்டுவது ஏன் என்று அவரிடம் அவள் சொல்லியிருக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை. ஒரே கூடையில் எட்டுக்கும் சேர்த்துத் தீனி வைத்தவர் கூப்பிட்டால் எட்டும்தானே வரும்? வந்தன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி, ஈரத் தரையைத் தாண்டி, சாத்த மறந்த கடைப்பக்கக் கதவையும் தாண்டி, எங்கே கூடை என்று கேட்கிற மாதிரி ஒரேவெட்டைச் சுற்றி வளைத்துக் கடைக்குள்ளேயே வந்துவிட்டன.

கறிக்கடைக்குள் ஆடு. அதுவும் உயிரோடு. தெரு மக்கள் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒன்று தராசுத் தட்டை நக்கியது. ஒன்று கறிக்கட்டை மேல் முன்னங்காலை வைத்து ஏறி நின்று, தொங்குகிற வெறும் கொக்கிகளை அண்ணாந்து பார்த்தது. இரண்டு, வாசலுக்கே போய் வரிசையில் நின்றுகொண்டன, அவையும் அரைக்கிலோ வாங்க வந்த மாதிரி. காது மடங்கின ஆடு நேராக மீட்டர்காரரிடம் போய் அவர் பைக்குள் தலையை விட்டது.

"ஏய்! கீரை! என் விருந்துக் கீரை!" மீட்டர்காரர் பையை இழுத்தார். ஆடு தலையை வெளியே எடுத்து, மென்றுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தது. அவரும் பார்த்தார். கறியை அவர் ஐம்பது வருடமாகப் பார்த்திருக்கிறார். அதன் கண்ணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"ஒரேவெட்டு," என்றார் குரல் இறங்கி, "இது... இது என் ஆறுல ஒண்ணா?"

"ஆமாங்க."

"இதை வேற ஆளுக்குக் குடுத்துடேன். என்னையே பார்க்குது."

நாத்தனார் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "அண்ணே, வெட்டுண்ணே, சீக்கிரம் வெட்டு!" என்று கத்தினாள்.

"ஒண்ணு முன்னால ஒண்ணை எப்படிடி வெட்டுவேன்?" என்று அவரும் கத்தினார். "எங்க அப்பா கத்தியைக் கையில குடுக்கும்போது சொன்னது அது ஒண்ணுதான். போடா ராஜா, உள்ள போடா!" அவர் போ என்று சொல்லச் சொல்ல, குரல் பழகின குரலாயிற்றே, இன்னும் நெருக்கமாக வந்து ஒட்டிக்கொண்டன. மூன்று நாளில் இவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பெரிய மனிதர் ஆடுகளுக்கு நடுவே நின்றார். அடுப்படிப் பக்கம் திரும்பினார். கண் கெஞ்சியது.

எல்லோரும் கடையக்காவைப் பார்த்தார்கள். அவள் வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட மாட்டேன் என்று சொன்னவள். சொன்ன சொல்லுக்கு ஆண்டவன் சாட்சி. ஒரு கணம் அவள் உதடு மட்டும் அசைந்தது. பிறகு தழைக்காரி கொண்டுவந்து போட்ட கட்டிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டாள். மூத்த ஆட்டின் காதைத் தொட்டாள்.

"வாடா ராஜா. வாடா என் தங்கம்."

கடைக் கதவுக்கு அல்ல, அறுப்பிடத்துக்கும் அல்ல. வீட்டுக்கு உள்ளே நடந்தாள். சமையலறை வழியாக, படுக்கிற அறை வழியாக, பின்வாசலைத் திறந்து கொட்டகைக்கு. புது ஆடுகள், இவள் கையால் ஒரு வாய்கூடத் தின்னாதவை, ஆனாலும் மூத்தது நடந்தது, அதன் பின்னால் மற்ற ஏழும் நடந்தன. படுக்கை விரிப்பில் குளம்படி பதிந்தது. ஒன்று போகிற போக்கில் நாட்காட்டியில் ஒரு மாதத்தைக் கிழித்துத் தின்றுவிட்டுப் போனது. கொட்டகையில் தழையை உதறிப் போட்டாள். எட்டும் தலையைக் குனிந்துகொண்டன. கடையக்கா சுவரில் சாய்ந்து நின்று பெருமூச்சு விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் கூப்பிட்டுப் போன ஆடுகளுக்கு அங்கே தீனி மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மீட்டர்காரர் கசங்கிய கீரையைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்போ புரியுதுங்களா என் சம்சாரம் ஏன் சாப்பிடலைன்னு?" என்றார் ஒரேவெட்டு. "கறியில ஒண்ணும் இல்லை. கறி பஞ்சு மாதிரி இருந்தது இவளாலதான். என்னாலன்னு நினைச்சிட்டிருந்தேன் நான், மடையன்."

அதை எல்லோர் முன்னாலும் சொன்னார். கடையக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மீட்டர்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானும் ஒண்ணு சொல்லிடறேன். இந்த வீட்டு மீட்டர் சனி ஞாயிறானா பம்பரமா சுத்தும். இவ்வளவு தண்ணியான்னு எழுதறப்போ கை கூசும். எழுதிட்டு நேரா வந்து கறியும் வாங்கிட்டுப் போவேன்." "மூணு போதும்பா. ஆறு வேண்டாம். போன வருஷம் என் கூட வேலை பார்த்தவர் வச்ச விருந்துல மிச்சத்தை அண்டா அண்டாவா வாய்க்கால்ல கொட்டினாங்க. நானே ஒரு அண்டா பிடிச்சேன்."

"மிச்சப் பந்திக்கு?" என்றாள் நாத்தனார், நாற்காலியிலிருந்து இறங்காமலே.

"பூசணிக்காயும் பீன்ஸும் நான் சமைச்சுத் தரேன்" என்றாள் கடையக்கா. "எங்க கையில எதைச் சமைச்சாலும் பஞ்சு மாதிரிதான் இருக்கும்."

அந்த மூன்றையும் ஒரேவெட்டே கூப்பிட்டார். மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொன்றாகக் காதைத் தொட்டு, இரண்டு பக்கக் கதவையும் சாத்திவிட்டு. காது மடங்கினது அந்த மூன்றில் இல்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னங்க கண்ணு?"

"வெங்காயம் வெட்டினேன்."

"எந்த வெங்காயம்? அது எங்கிட்ட இல்ல இருக்கு?"

அவர் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார்.

விருந்தில் ஆட்டுக்கறி குறைவு என்று ஒருவரும் சொல்லவில்லை. அண்டாவில் மிஞ்சியதும் ஒன்றுமில்லை. இரண்டு பேர் பூசணிக்காயைக் கறி என்று நினைத்து மறுபடி கேட்டு வாங்கினார்கள் என்று நாத்தனார் சொன்னாள். அவள் சொல்வதில் பாதியை எடுத்துக்கொண்டால் ஒருவராவது கேட்டிருப்பார்.

மீதி ஐந்து ஆடுகளும் சாகாமல் தப்பித்துவிட்டன என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு போய்விட்டன. காது மடங்கினது மட்டும், இன்னும் எடை ஏறவில்லை, இன்னும் எடை ஏறவில்லை என்று ஒரேவெட்டு சொல்லிச் சொல்லி, இப்போது நகர முடியாத அளவுக்குக் குண்டாகிக் கொட்டகையில் கிடக்கிறது. லாரி இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. கடை ஞாயிற்றுக்கிழமை மட்டும். வருகிறவர்களிடம் ஒரேவெட்டு ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்: "வீட்ல எத்தனை பேர்?" மூன்று பேர் என்றால் மூன்று பேருக்கு ஆகிற அளவுதான் வெட்டுவார். ஒரு கிலோ வேண்டும் என்று அடம்பிடித்தால், "மிச்சத்தைக் கொட்டமாட்டேன்னு உள்ள வந்து அந்தக் குண்டன் கண்ணைப் பார்த்துச் சொல்லு, தரேன்" என்பார். இந்த வம்புக்காகவே சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இந்த வம்புக்காகவே சிலர் புதிதாகவும் வருகிறார்கள். தழைக்காரி இப்போது ஒரு கட்டுத் தழையும், ஒரு கட்டு மனிதர் தின்கிற கீரையுமாகக் கொண்டுவருகிறாள். கீரைக்குக் கண்டக்டர் வாயைத் திறப்பதில்லை என்று அவளுக்குச் சந்தோஷம். தெருக்கோடிக் குன்றில் போன மழைக்குப் பச்சையாக என்னவோ முளைத்திருக்கிறது. மாமனார் தலை இன்னும் முழுக்க மாறிவிடவில்லை என்கிறாள்.

கடையக்கா இப்போது நிம்மதியாகக் கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். அவள் கறி தின்பதில்லை, அவர் தின்கிறார், வாரத்துக்கு ஒருநாள், சீட்டில் எழுதியிருக்கிறபடி. கறிக்கு ஒன்று, காய்க்கு ஒன்று என்று இரண்டு கரண்டி அவரே வாங்கி வந்தார். ஒன்றின் பிடியில் நூல் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறார்.

ஒருநாள் மதியம் அவள் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரேவெட்டு சோறு ஆறுகிறதே என்று தட்டு போட்டு, அவளுக்குப் பூசணிக்காயை நூல் சுற்றின கரண்டியால் எடுத்து வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்று மிக மிக இனிமையாகக் கூப்பிட்டார்.

"வாடா ராஜாத்தி... வாடா என் தங்கம்..."

கொட்டகையில் குண்டன் எழுந்து நின்றது. கடையக்கா சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இந்தாங்க! என்னை அந்தக் குரல்ல கூப்பிடாதீங்க. சாகிற வரைக்கும் ஏய்னே கூப்பிடுங்க!"

"ஏய்! சாப்பிட வா!" என்று பழைய போலீஸ்காரர் குரலில் ஒரு போடு போட்டார் ஒரேவெட்டு.

அவள் சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள்.